நாற்பத்தேழில் ரோஸ் வரவில்லை

டாஃபின், மனிடோபா
28 செப்டம்பர் 1986

அன்புள்ள ஓரிஸ்யா அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். உன் இருமல் நின்றதா? சமையல்கூடத்து நீராவியில் நின்றுவிட்டு அப்படியே வெளியே போகாதே. தலையை மூடிக்கொண்டு போ.

இங்கே வேலை நெருக்கடி தொடங்கிவிட்டது. கோடை முழுக்க ஏரிக்கரைகளில் நின்ற, சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள் குளிர்காலம் முழுக்க நிறுத்திவைக்க முதலாளி கோர்டியின் யார்டுக்கு ஒவ்வொன்றாக வருகின்றன. இந்த வருஷம் நூற்று நாற்பது. குளிர் இறுகுவதற்குள் எல்லாவற்றையும் தயார் செய்து வரிசையாக நிறுத்தவேண்டும். நானும் நெட்டி அக்காவும்தான் செய்கிறோம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் உனக்கு இன்னும் கோபம் என்று தெரியும். ஆனால் இங்கே யாரும் என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வதில்லை. முதலில் வெந்நீர்த் தொட்டி ஆறும்வரை காத்திருந்து அடைப்பைக் கழற்றுவேன். பிறகு தரைக்கடியில் இருக்கும் திருகுகளைத் திறந்து குழாய்த் தண்ணீரை வடிப்பேன். அதற்குப் பிறகுதான் ரோஸ். அது குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவம். பம்பு வழியாக அதை உள்ளே இழுத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சமையல் தொட்டி, குளியல், கழிவறை, கடைசியில் வெளிப்பக்கம் மணல் கால் கழுவ வைத்திருக்கும் குழாய். எல்லோரும் மறப்பது அந்தக் கடைசிக் குழாயைத்தான். ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் ஜனவரியில் குழாய் வெடித்துவிடும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்குவது, எலி நுழையும் ஓட்டைகளில் கம்பி நார் அடைப்பது, பூசணம் பிடிக்காமல் ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒரு குச்சி முட்டுக்கொடுப்பது.

எல்லாம் முடிந்தால் கதவில் ஒரு கார்டு தொங்கும். அதில் இரண்டு கையெழுத்து. செய்தவள் ஒன்று, ரோஸ் வருவதைக் கண்ணால் பார்த்தவள் ஒன்று. "ரெண்டாவது கையெழுத்துதான் எனக்கு முக்கியம். தப்பு நடந்தா அவங்களைத்தான் கேப்பேன்" என்பார் கோர்டி. நெட்டி அக்காவோ மதியச் சாப்பாட்டின்போது ஒரு கையில் பூண்டு சாஸேஜ், மறு கையில் பேனா என்று பத்துக் கார்டை ஒரே மூச்சில் போடுவாள். "பாக்க வேண்டாமா அக்கா?" என்று கேட்டேன். "உன்னப் போய்ப் பாக்கவா? ஊமைக்கோட்டான் தப்பு பண்ணாதுடி, அதுக்கும் நாலு வார்த்த பேசணும்" என்றாள்.

இனிமேல் கடிதங்களை யார்டு முகவரிக்கு எழுது. வீட்டுத் தபால் பெட்டியின் கதவு உடைந்துவிட்டது.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஹாலியா

*

அணை முகாம், கில்லம் அருகே
14 அக்டோபர் 1986

அன்புத் தங்கை ஹாலியாவுக்கு,

இருமல் போய்விட்டது, அதற்குப் பதில் முதுகு வலி வந்திருக்கிறது. எண்ணூறு ஆண்களுக்கு உருளைக்கிழங்கு உரித்தால் உனக்கும் வரும். நேற்று ஒருவன் தட்டை நீட்டி, "ஓரிஸ்யா, இது சூப்பா, அணைத் தண்ணியா?" என்றான். "அணைத் தண்ணின்னா அதுல மீனாவது கெடச்சிருக்கும், நகரு" என்றேன். வரிசையே சிரித்தது. நாளைக்கு அவனுக்கு அடிப்பிடித்ததுதான்.

அம்மா ஏன் எழுதவில்லை? நான் இரண்டு கடிதம் போட்டேன். குளிர் புகாமல் ஜன்னல்களுக்கு வெளியே மாட்டும் இரண்டாவது கண்ணாடிகளை மாட்டியாயிற்றா? போன வருஷம் மாதிரி டிசம்பர்வரை இழுத்துக்கொண்டு இருக்கப் போகிறாள். நீ ஏணியைப் பிடித்துக்கொள், அவளை ஏற விடாதே. அம்மாவைத் தேடி அந்த லெஸ் இன்னும் வந்து போகிறானா?

பழைய காலண்டர்படி ஜனவரி ஏழில் வரும் நம் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கேட்டிருக்கிறேன். கிடைத்தால் ஜனவரி ஐந்தாம் தேதி ரயிலில் வருவேன். கிடைக்காவிட்டால், அம்மா மேசையில் இல்லாதவர்களுக்கென்று வைக்கும் அந்தக் காலித் தட்டு இந்த வருஷமும் அப்பாவோடு சேர்த்து எனக்கும்தான்.

நன்றாகச் சாப்பிடு. அக்காவின் முத்தங்கள்.

ஓரிஸ்யா

*

(அனுப்பாதது. யார்டு கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதியது.)

19 அக்டோபர்

அக்கா,

இதை உனக்கு அனுப்பமாட்டேன். எழுதினால் மனபாரம் கொஞ்சம் இறங்கும் என்று எழுதுகிறேன்.

அம்மா இங்கே இல்லை. செப்டம்பர் கடைசியில் லெஸ்ஸோடு தண்டர் பே போய்விட்டாள். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என்னையும் கூப்பிட்டாள். நான் படுக்க அங்கே ஒரு சோஃபா இருக்கிறதாம். லெஸ் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவான். என்மேல் எறிந்ததில்லை, பக்கத்துச் சுவரில்தான். ஆனால் எறிவதற்கு முன் என்னைத்தான் பார்ப்பான். நான் நெட்டி அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. நெட்டி அக்காவிடம் அம்மாவோடு இருக்கிறேன் என்கிறேன். உன்னிடமும் அதையேதான்.

நாற்பத்தேழாம் எண்ணில் இருக்கிறேன். லிண்டால் தம்பதியின் டிரெய்லர். கணவர் வினிபெக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வசந்தம்வரை யாரும் வரமாட்டார்கள். ஜன்னல் திரைகளில் அந்த அம்மா சின்னச் சின்ன ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைத் தைத்திருக்கிறார். அலமாரியில் ஆறு நீலக் கப்புகள். நான் எதையும் தொடுவதில்லை, என் தகரக் கோப்பையில்தான் குடிக்கிறேன். பேட்டரியைக் கொட்டகையிலிருந்து வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்கிறேன். ஹீட்டருக்குக் கேஸ் என் சம்பளத்தில் வாங்குகிறேன். மூச்சு முட்டாமல் இருக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருக்கிறேன், பயப்படாதே.

ஒன்று மட்டும் தப்பு செய்தேன். நாற்பத்தேழில் ரோஸ் விடவில்லை. ரோஸ் விட்டால் குழாயில் தண்ணீர் வராது. ஒரு குழாயாவது திறந்தால் தண்ணீர் வரட்டும் என்று இருந்தது அக்கா. தண்ணீர் வந்தால் அது வீடு மாதிரி. நானே கார்டில் செய்தவள் இடத்தில் கையெழுத்துப் போட்டு, நெட்டி அக்காவின் சாப்பாட்டு அடுக்கில் நடுவில் வைத்துவிட்டேன். அவள் பார்க்காமலே போட்டுவிட்டாள்.

*

டாஃபின்
20 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடு.

அம்மாவுக்கு வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. ஜன்னல்களைப் பற்றிக் கவலைப்படாதே. தொண்ணூற்றாறு டிரெய்லர்கள் முடிந்துவிட்டன. ஒன்றின் கூரை ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது, நானே ஏறி அடைத்தேன். நெட்டி அக்கா கீழே நின்று, "விழுந்து கிழுந்து வெக்காத, உன்னத் தூக்க எனக்கு இடுப்பு இல்ல" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

முடிந்தால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பெரிய அளவாக இருந்தாலும் பரவாயில்லை.

உன்,
ஹாலியா

*

அணை முகாம்
8 நவம்பர் 1986

அன்புத் தங்கைக்கு,

பனிப்புயலில் ரயில் நின்றுபோய் உன் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. காலுறை மூன்று ஜோடி வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே ஒரு கிரேன் ஓட்டுநர் கொடுத்தது, புதுசு, சந்தேகப்படாதே. அவனுக்கு நான் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு விடுகிறேன், அவ்வளவுதான் உறவு.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துத் திரும்பப் படித்தேன். டிரெய்லர் கூரையின் ஒட்டுவரை எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றிலும் ஒரு வரி. என்ன சமைத்தாள், யாரோடு சண்டை போட்டாள், எந்தப் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள், ஒன்றுமே இல்லை. நம் அம்மா ஒரு வரிக்குள் அடங்குகிற ஆளா? இரண்டு பேருக்குள் ஏதாவது மனஸ்தாபமா? பெரிய அளவுக் காலுறை எதற்கு? இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளவா? வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா?

கேள்விகளுக்குப் பதில் எழுது. கூரையைப் பற்றி வேண்டாம்.

அக்கா

*

டாஃபின்
30 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காலுறைகள் வந்தன, மிகவும் கதகதப்பாக இருக்கின்றன. அந்தக் கிரேன் ஓட்டுநருக்கு என் நன்றியைச் சொல்.

யார்டில் ஒரு சங்கடமான காரியம் நடந்துவிட்டது. பத்து நாளுக்கு முன் குளிர் திடீரென்று மைனஸ் முப்பத்தொன்றுக்குக் கீழே போனது. ஒரு டிரெய்லரில் குழாய் வெடித்துவிட்டது. நாற்பத்தேழாம் எண். கோர்டி கூரைப் பனியைத் தள்ளப் போனவர், அடித்தளத்திலிருந்து நிலத்தைத் தொடும்வரை பனிக்கட்டி தொங்குவதைப் பார்த்தார். உள்ளே வெந்நீர்த் தொட்டியும் பிளந்திருந்தது. தரை ஊறி உப்பியிருந்தது. எந்தக் குழாயிலும் ரோஸ் இல்லை.

கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "நெட்டி, இது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"ரோஸ் பாத்தியா?"

நெட்டி அக்கா என்னைப் பார்த்தாள். நான் கம்பி நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். முதல் கையெழுத்து என்னுடையதுதானே. "பாக்கல கோர்டி. சாஸேஜ் தின்னுக்கிட்டே போட்டேன்" என்றாள். "சின்னப் பொண்ணு, ஒண்ணு விட்டுப்போயிருக்கும். பாக்க வேண்டியது நான்தான்."

குளிர்காலத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் கோர்டி வைத்துக்கொள்வார், பனி தள்ள. வருஷாவருஷம் அது நெட்டி அக்காதான். இந்த வருஷம் என்னை இருக்கச் சொல்லிவிட்டு அவளை அனுப்பிவிட்டார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். தன் கையுறையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டினாள், எப்போதும் போல.

யாரோ விட்டுவிட்டார்கள், என்ன செய்வது. அம்மா நலம்.

ஹாலியா

*

(அனுப்பாதது.)

அதே நாள்

அது யாரோ இல்லை. அன்று வேலைக்குப் போகும்போது கேஸ் மிச்சம் பிடிக்க ஹீட்டரைத் தணித்துவிட்டுப் போனேன். காற்றில் சுடர் அணைந்துவிட்டது. மாலையில் வந்து மூட்டினேன். உள்ளே சூடு ஏறியதும் சுவருக்குள் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. பம்பை நிறுத்துவதற்குள் தரை முழுக்க ஓடிவிட்டது. என் போர்வையாலேயே துடைத்தேன். நீலக் கப்புகளைத் துணியில் சுற்றி மேல் அலமாரிக்கு மாற்றினேன். என் பையை எடுத்துக்கொண்டு ஐம்பத்திரண்டுக்குப் போய்விட்டேன். அங்கே குழாயில் ரோஸ்தான் வரும். பனியை உருக்கிக் குடிக்கிறேன்.

தலையில் தட்டியது இன்னும் வலிக்கிறது. மெதுவாகத்தான் தட்டினாள்.

*

அணை முகாம்
9 டிசம்பர் 1986

ஹாலியா,

சாயங்காலம் முழுக்க ஃபோன் வரிசையில் நின்று வீட்டுக்குப் போட்டேன். அந்த எண் இப்போது இல்லை என்று எக்ஸ்சேஞ்சுப் பெண் சொன்னாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்தாம்.

யார்டில் நீங்கள் இரண்டே பேர். "யாரோ விட்டுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நீ ஏழு வயதில் பால் குவளையை உடைத்துவிட்டு "யாரோ உடைச்சிட்டாங்க" என்று சொன்ன அதே குரல் எனக்குக் கேட்கிறது.

வேறெதுவும் எழுதவேண்டாம். ஒரே ஒரு கேள்வி. நீ எங்கே படுக்கிறாய்?

ஓரிஸ்யா

*

அணை முகாம்
19 டிசம்பர் 1986

ஹாலியா கண்ணு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. விடுமுறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு சமையல்காரிகள் ஓடிப்போனதால் யாரையும் விடமாட்டார்களாம். உருளைக்கிழங்கு உரிக்கும்போது நாள் முழுக்க உன் காலுறையைத்தான் நினைக்கிறேன்.

நான் திட்டமாட்டேன். திட்டினாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் திட்டமுடியும். எழுது. இனிமேல் எனக்கு "நலம்" என்று எழுதாதே. முதல் வரியில் எங்கே படுத்தாய் என்று எழுது, அடுத்த வரியில் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. பிறகு எது வேண்டுமானாலும் எழுது.

அக்கா

*

டாஃபின்
23 டிசம்பர் 1986

அக்கா,

மூன்று நாளாக நெட்டி அக்கா வீட்டில் படுக்கிறேன், மாடியில், அவள் கடைசிப் பெண் சோனியாவின் கட்டிலில், காலோடு தலையாக. நேற்று பீட்ரூட் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். அதற்கு முன் ஐம்பத்திரண்டில். அதற்கு முன் நாற்பத்தேழில். நான் அனுப்பாமல் வைத்திருந்த இரண்டு கடிதங்களை இதனோடு வைக்கிறேன். முதலில் அவற்றைப் படித்துவிட்டு இங்கே வா.

படித்துவிட்டாயா? சரி.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். நாற்பத்தேழு என்று உனக்கு எழுதினால் நெட்டி அக்காவுக்கு முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று தோன்றியது. சொன்னால் இருக்க இடம் போய்விடும். ஒரு வாரம் அப்படியே ஓடியது. தினமும் கடைக்குப் போக அவள் வீட்டைத் தாண்டவேண்டும். நான் எதிர்ப் பக்கமாக நடந்தேன். சனிக்கிழமை அவள் பிள்ளைகள் பனியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவளின் கையில் நெட்டி அக்காவின் வேலைக் கையுறை. அதைப் பார்த்தபிறகு தாண்டிப் போகமுடியவில்லை.

கதவைத் தட்டினேன். "யாரு? நீயா? கோர்டி அனுப்பிச்சானா? நெட்டி செத்துட்டா, பூ கொண்டாரச் சொல்லு" என்றாள்.

"நாப்பத்தேழ நான் பண்ணல அக்கா."

"தெரியும்டி. நானும்தான் பாக்கல. அதான் வீட்ல குந்தியிருக்கேன்."

"மறந்து விடல. வேணும்னே விட்டேன். அதுல நான் குடியிருந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன். இதுவரை என் வாழ்க்கையில் ஒரே விஷயத்தை இரண்டு முறை சத்தமாகச் சொன்னதில்லை.

"உங்கம்மா?"

"தண்டர் பே போயிட்டாங்க. செப்டம்பர்லயே."

"அம்மா கூட இருக்கேன்னு எங்கிட்ட சொன்னியே?"

"அவங்ககிட்ட உங்ககூட இருக்கேன்னு சொன்னேன்."

அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். அப்புறம் குரல் உடைந்து கத்தினாள். "ஒரு மாசமாடி! ஒரு மாசமா எப்படி விட்டேன், எப்படி விட்டேன்னு என்னையே தின்னுக்கிட்டிருந்தேன். கண்ணு போச்சோ, புத்தி போச்சோன்னு நெனச்சேன். நீ எதுத்தாப்ல நடந்து போறத ஜன்னல்லேருந்து பாத்தேன். பாவம், மூஞ்சியக் காட்ட வெக்கப்படுதுன்னு நெனச்சேன்டி உன்ன!"

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"கதவச் சாத்து. சூடெல்லாம் வெளிய போகுது."

எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வந்து சாத்து, ஊமைக்கோட்டானே!"

அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. திங்கட்கிழமை தன் வண்டியில் என்னை யார்டுக்குக் கூட்டிப் போனாள், வழியெல்லாம் ரேடியோவை மட்டும் கேட்டுக்கொண்டு. கோர்டியிடம் நானே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒருத்தி பொய்யாப் போட்டிருக்கா, ஒருத்தி பாக்காமப் போட்டிருக்கா. இனி எனக்கு எந்தக் கார்டு மேலயும் நம்பிக்கையில்ல" என்றார். "மிச்சம் நூத்து முப்பத்தொம்பதையும் திரும்பப் பாருங்க. ரெண்டு பேரும். ஒவ்வொரு குழாயும். அதுக்கப்புறம் யாரு இருக்கறது, யாரு போறதுன்னு சொல்றேன்." நாற்பத்தேழை வசந்தத்தில் நான்தான் பிரித்துச் சரி செய்யவேண்டும். லிண்டால் அம்மாவுக்கு ஃபோன் செய்தாராம். "கப்பு உடையலையே?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டாராம்.

வீட்டில் நெட்டி அக்கா எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சோனியாவிடம் சொல்கிறாள். "சோனியா, அவகிட்ட ரொட்டிய நகத்தச் சொல்லு." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சோனியாவுக்கு ஐந்து வயது. என் காதில் வாயை வைத்து, "ரொட்டிய நகத்தணுமாம்!" என்று கத்துவாள்.

நீ திட்டினாலும் எழுது.

ஹாலியா

*

அணை முகாம்
30 டிசம்பர் 1986

என் ஹாலியா,

உன் கடிதத்தைச் சேமிப்பு அறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். அனுப்பாத இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். திட்டமாட்டேன் என்று சொன்னேன், திட்டத்தான் தோன்றுகிறது. கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, ஒரு விரல் ஜன்னலை நம்பித் தூங்கியிருக்கிறாய்.

ஆனால் எனக்கும் ஒன்று இருக்கிறது, எழுதாமல் வைத்திருந்தது. ஆகஸ்டில் எனக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. உங்களிடம் சொல்லவில்லை. ரயிலில் தெற்கே வருவதற்குப் பதில் வடக்கே சர்ச்சில் என்ற ஊருக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் லெஸ் இருப்பான், அவனோடு ஒரு வாரம் மேசையில் உட்காரவேண்டும், அதனால்தான். நான் உட்கார மறுத்த மேசையில் உன்னை விட்டுவிட்டேன். "எல்லாம் சரியா?" என்று உன்னைக் கேட்டதெல்லாம் சரி என்று நீ சொல்வதற்காகத்தான். நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. திரும்ப எழுதிக் கொடுக்கமாட்டேன். டாஃபினில் இரண்டு கட்டில் போடுகிற மாதிரி ஓர் அறை பார்த்து வை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுச் சொல்.

நெட்டி அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் பிரிக்காதே.

அக்கா

*

டாஃபின்
8 ஜனவரி 1987

அன்புள்ள அக்கா,

சோனியாவின் கட்டிலில்தான் படுக்கிறேன். தூக்கத்தில் உதைக்கிறாள். நேற்று முந்தின நாள் பன்னிரண்டு வகை சாப்பிட்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தினமும் ஒரு பேட்டரியைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறோம். நான் பம்பைப் போட்டுக் குழாயைத் திறப்பேன். நெட்டி அக்கா குனிந்து பார்ப்பாள். குளிரில் ரோஸ் கூழாகி, பல்பசை மாதிரிப் பிதுங்கி வரும். "ரோஸ்" என்பாள். அடுத்தது. "ரோஸ்." அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது தடவை.

திங்கட்கிழமை எண்பத்தெட்டாம் எண். உள்ளே எல்லாம் ரோஸ். வெளிப்பக்கக் கால் கழுவும் குழாயின் மூடியைத் திறந்தேன். பனிக்கட்டி. குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. கார்டைப் புரட்டினேன். செய்தவள் நெட்டி. பார்த்தவள் ஹாலியா.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மழை தூறியது, நான் உள்ளே இருந்த குழாய்களை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டேன். அவளைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று.

இரண்டு பேரும் நின்றோம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் பதினாறு நாள் கழித்து என்னிடம் பேசினாள். "இப்ப என்னடி பண்றது?"

"கோர்டிகிட்ட சொல்லணும் அக்கா."

"சொன்னா இந்தத் தடவ ரெண்டு பேரையும் அனுப்பிடுவான்."

"ஆமா."

"மூடிய மூடிட்டா வசந்தம் வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, நாப்பத்தேழுல" என்றேன்.

அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். என்னையா, குழாயையா தெரியவில்லை. அப்புறம் கார்டைப் பிய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கோர்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டாச்சு. இன்னும் எத்தன பாக்கி?"

"அம்பத்திரெண்டு."

"போய்ப் பாருங்க" என்றார். என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இன்றோடு இருபது பாக்கி.

அம்மாவுக்கு எழுதினேன். பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கிறிஸ்துமஸ் விருந்து. முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் சாப்பிடவேண்டும் என்று அதைப் பார்க்கப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். மேகமாக இருந்தது. நெட்டி அக்காவின் கணவர் டெட், "ரயில்வே கேட் விளக்கு தெரியுதில்ல, அது போதும், பசிக்குது" என்றார். வெள்ளை விரிப்பின்மேல் கோதுமையும் தேனும் கசகசாவும் முதலில் வந்தது. ஆறு பேர், ஏழு தட்டு.

சோனியா விரலால் எண்ணிவிட்டு, கடைசித் தட்டைக் காட்டி, "இது யாருக்கு? ஹாலியாவுக்கா?" என்றாள்.

"ஹாலியா தட்டுதான் அவ முன்னாலயே இருக்கே. கண்ணு தெரியலயா?" என்றாள் நெட்டி அக்கா. "அது இல்லாதவங்களுக்கு."

"யாரு இல்ல?"

நெட்டி அக்கா கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. உன் வீட்ல யாரு இல்ல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் காது சுட்டது. அப்பா என்றேன். கொஞ்சம் கழித்து, அம்மா என்றேன். அப்புறம் உன் பெயரைச் சொன்னேன்.

சோனியா தட்டைப் பார்த்தாள். "மூணு பேருக்கு ஒரே தட்டா?"

"நெருங்கி உக்காந்துப்பாங்க" என்றாள் நெட்டி அக்கா. "நீ தின்னு."

ஹாலியா